பதினைந்து விநாடிக்கு எத்தனை தட்டு

என் அக்காவைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது, அவளுக்கு எண்ணத் தெரியும் என்பதுதான். இதென்ன பெரிய பெருமை, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியுமே என்று நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள். நாற்பது பேர் ஒன்றாகக் காலை மாற்றிக் குதிக்கிற கூடத்தில், ஸ்பீக்கர் காதைப் பிளக்க, பக்கத்தில் நான் தொணதொணவென்று பேச, வாட்ச் முள்ளைப் பார்த்தபடி பதினைந்து விநாடிக்கு எத்தனை தட்டு என்று எண்ணுவாள். அதை நாலால் பெருக்கி, இந்தப் பாட்டு நிமிஷத்துக்கு நூற்றுப் பன்னிரண்டு என்று சொல்லிவிட்டு, நான் பேசியதற்கும் விட்ட இடத்திலிருந்து பதில் சொல்வாள். முடிந்தால் நீங்களும் செய்து பாருங்கள்.

வாரத்தில் ஆறு நாள் எண்ணுவதுதான் அவள் பிழைப்பு. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. காலை ஏழு மணிக்கு மைக்ராஸ்கோப் முன்னால் குனிந்தால் மூன்றரைக்குத்தான் நிமிர்வாள். இப்போதெல்லாம் ரத்த அணுக்களை மெஷினே எண்ணிவிடுகிறது. ஆனால் மெஷினுக்கும் சந்தேகம் வரும். சந்தேகம் வந்த கண்ணாடித் துண்டுகள் மட்டும் அக்காவிடம் போகும். அவள் கையிலிருக்கும் சின்னக் கருவியை டிக் டிக்கென்று அழுத்தியபடி எண்ணி, என்ன சொல்கிறாளோ அதுதான் முடிவு. அதற்குமேல் அப்பீல் கிடையாது. இருபத்தெட்டு வருஷமாக ரிப்போர்ட்டின் அடியில் அவள் கையெழுத்து. சனிக்கிழமை சாயங்காலம் அவள் கழுத்தைத் திருப்பினால் எண்ணெய் போடாத கீல் மாதிரி சத்தம் கேட்கும்.

ஏழாவது நாளாவது காலை நீட்டிப் படுப்பாளா என்றால், மாட்டாள். மரச்சாமான் கடைக்கு மேலே ஒரு கூடம் இருக்கிறது. ஞாயிறு மதியம் மூன்று மணியிலிருந்து ஐந்தரைவரை அங்கே ஸ்விங் ஆட்டம். பழைய ஜாஸ் பதிவுகளைப் போட்டு ஜோடி ஜோடியாக ஆடுவார்கள். போட்டி, பரிசு, மேடை எதுவும் கிடையாது. யார் வேண்டுமானாலும் யாரிடமும் போய் "ஆடலாமா?" என்று கேட்கலாம். ஒரு பாட்டு முடிந்ததும் நன்றி சொல்லிவிட்டு வேறு ஆளைத் தேடலாம். பல் டாக்டர், தையல்காரர், காலேஜ் பெண்கள், பேரன் பேத்தி எடுத்தவர்கள் என்று எல்லாரும் வருவார்கள். நான் வாசலில் மேசை போட்டு, வருகிறவர்கள் பெயரை எழுதிக்கொண்டு, அவர்கள் பைகளுக்கும் செருப்புகளுக்கும் காவல் இருக்கிறவள். ஆட மாட்டேன். ஒரே ஒருமுறை ஆடினேன், தையல்காரரின் சுண்டுவிரல் நகம் போய்விட்டது. அவர் பெருந்தன்மையாக மன்னித்துவிட்டார். ஆனாலும் இன்றுவரை என்னைப் பார்த்தால் காலைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறார்.

பாட்டுப் போடுவது அக்கா. போடுவதோடு நிறுத்துவதில்லை, யார் எந்தப் பதிவை வைத்துப் பழகலாம் என்று மாதம் ஒரு தாளும் தயாரிப்பாள். அதைக் கூடத்துப் பலகையில் ஒட்டுவோம். கேட்கிறவர்களுக்கு ஒரு நகலும் கொடுப்போம். பாட்டுகளின் அசல் பெயர்கள் எங்கள் யார் வாயிலும் நுழையாது. அதனால் அவளே பெயர் வைத்துவிடுவாள். ஒரு தாளிலிருந்து சிலவற்றைச் சொல்கிறேன்.

'இருமல்' என்று ஒன்று. நடுவில் வாத்தியக்காரர் யாரோ இருமுவது கேட்கும். பாஸ் வாத்தியத்தின் தாளம் தெளிவாக இருக்கும், கால் தானாகப் போகும், புதிதாக வந்தவர்களுக்கு நல்லது என்று எழுதியிருப்பாள். 'மாமியார் வந்தாச்சு' என்று இன்னொன்று. கிளாரினெட் கொஞ்சிக்கொண்டே இருக்கும்போது டிரம்ஸ் சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே நுழையும். அந்த நேரத்தில் துணையின் கையை விட்டிருந்தால் நீங்கள் பொறுப்பு. 'பொய் முடிவு' முடிந்ததுபோல நிற்கும், ஆனால் முடியாது. நன்றி சொல்லிவிட்டு நகர்ந்தவர்கள் அசடு வழியத் திரும்பி வருவார்கள். நல்ல நாளாக இருந்தால் மட்டும் போடவும். 'தண்ணி குடி' ஐந்து நிமிஷம் ஓடும். சாக்ஸபோன்காரருக்கு வீட்டுக்குப் போக மனசில்லை. முட்டி வலி உள்ளவர்கள் உட்கார்ந்து கேட்டால் போதும்.

"மூணு நிமிஷத்துக்கு மேல யாரோடயும் சிரிச்ச முகமா ஆட முடியாது" என்பாள் அக்கா. "புருஷனா இருந்தாலும் சரி."

ஒவ்வொரு பெயருக்கும் எதிரில் ஓர் எண் இருக்கும். நிமிஷத்துக்கு எத்தனை தட்டு என்கிற எண். ஆடுகிறவர்களுக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் முக்கியம். நூற்றுப் பத்து என்றால் பேசிக்கொண்டே ஆடலாம். நூற்றறுபது என்றால் பேச்சு நின்றுவிடும். இருநூறு என்றால் மறுநாள் ஆபீஸில் உட்கார்ந்து எழுந்திருக்கும்போது முகம் கோணும். அக்கா எழுதிய எண் பிசகாது என்று ஊரில் இருந்த மற்றக் கூடங்களுக்கும் தெரியும். அவர்களும் ஆளனுப்பி அவள் தாளை வாங்கிப் போவார்கள்.

அத்தானைப் பற்றி இப்போது சொல்லவேண்டும். அக்காவின் கணவர். லிஃப்ட் மெக்கானிக். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால், கீழே மரச்சாமான் கடையில் பீரோ ஏற்றும் லிஃப்ட் பாதியில் நின்றபோது பழுது பார்க்க வந்தவர். மேலே பாட்டுக் கேட்டதும் கையில் ஸ்பேனரோடு ஏறி வந்து, நேராக அக்காவிடம் போய் ஆடலாமா என்று கேட்டிருக்கிறார். "முதல்ல கையைக் கழுவிட்டு வாங்க" என்றாள். கழுவிவிட்டு வந்தார். கல்யாணம்வரைக்கும் வந்துவிட்டது.

அவர் ஆடுவதைப் பார்க்க வேண்டுமென்றே சில பேர் வருவார்கள். இத்தனைக்கும் பருத்த உடம்பு. ஆனால் பாட்டு வேகமாக வேகமாக அவர் லேசாகிக்கொண்டே போவார். காலேஜ் பெண்களெல்லாம் வரிசையில் நின்று அவரோடு ஆடுவார்கள். அக்காவுக்கு அதில் பெருமைதான். வாய்விட்டுச் சொல்ல மாட்டாள், வாட்ச்சைப் பார்ப்பதுபோல அவரைப் பார்ப்பாள்.

இரண்டரை வருஷத்துக்கு முன்னால் அவருக்கு நெஞ்சில் அடைப்பு. ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்துக்கொண்டார். ஆனால் கம்பெனியில் இனிமேல் லிஃப்ட் குழிக்குள் இறங்கக்கூடாது என்று சொல்லி, மேசையில் உட்காரவைத்து, புகார் ஃபோன் எடுக்கிற வேலை கொடுத்தார்கள். "லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்டவங்க கத்துறாங்க, நான் இங்கே உட்கார்ந்து 'பொறுமையா இருங்க'ன்னு சொல்றேன்" என்றார் ஒருநாள். சிரிப்பதற்காகச் சொன்னதுதான். யாரும் சிரிக்கவில்லை.

ஆடலாமா என்று டாக்டரைக் கேட்கப் போனபோது நானும் கூடப் போனேன்.

"மெதுவா ஆடலாம்மா" என்றார் டாக்டர்.

"மெதுவான்னா எவ்வளவு டாக்டர்?"

"மூச்சு ரொம்ப வாங்காத அளவுக்கு."

"ஒரு எண் சொல்லுங்களேன்."

"இதுக்கெல்லாம் எண் கிடையாதும்மா. அவரையே கேளுங்க, அவர் உடம்பு சொல்லும்."

வெளியே வந்ததும் அக்கா பொரிந்து தள்ளினாள். "இத்தனை வருஷமா டாக்டருங்களுக்கு நான் எண் சொல்றேன். எனக்குன்னு ஒரே ஒரு எண் கேட்டா இல்லைங்கறார். இவரைக் கேக்கணுமாம்! இவர் என்னைக்கு உண்மையைச் சொன்னார்?"

கடைசியில் அவளே ஓர் எண் வைத்தாள். வீட்டு ஹாலில் பாட்டைப் போட்டு அத்தானை நடக்கவைத்து, நிறுத்தி நிறுத்தி அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, நூற்று நாலில் ஆரம்பிப்பது, எந்தக் காரணம் கொண்டும் நூற்று முப்பதைத் தாண்டக்கூடாது என்று முடிவு கட்டினாள். அந்த முடிவை அத்தானிடம் சொல்லவில்லை.

நாலு மாதம் கழித்து அவர் மறுபடி கூடத்துக்கு வந்தார். முதல் பாட்டு 'இருமல்'. நூற்று நாலு. பாதியிலேயே அவருக்கு வியர்த்துவிட்டது. முடிந்ததும் அக்காவின் மேசைக்கு வந்து, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "இது எவ்வளவு?" என்று கேட்டார். முன்பெல்லாம் நூற்று நாலுக்கு அவர் ஆடவே மாட்டார், அது தாத்தாமார்களுக்கு என்று கிண்டல் செய்வார். அக்கா அவர் முகத்தைப் பார்த்தாள்.

"நூத்து முப்பது" என்றாள்.

"பரவாயில்லையே!" என்றார் அத்தான். நாலு மாதத்தில் அன்றைக்குத்தான் அவர் முகத்தில் ரத்தம் ஓடியது.

அந்தப் பொய்யை அவள் திட்டம் போட்டுச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. இருபத்தாறு தட்டை நாலால் பெருக்கவேண்டியதை அஞ்சால் பெருக்கிவிட்டாள், அவ்வளவுதான். ஆனால் அவளைப் போன்றவளுக்கு ஒரு பொய்யைத் தனியாக விட்டுவைக்கத் தெரியாது. பலகையில் ஒட்டுகிற தாளை அத்தானும் படிப்பார். ஓர் இடத்தில் நூற்று முப்பது, இன்னோர் இடத்தில் அதே வேகத்துக்கு நூற்று நாலு என்று இருந்தால் குட்டு உடைந்துவிடும். அதனால் தாள் முழுக்க அஞ்சால் பெருக்க ஆரம்பித்தாள். உண்மையிலேயே வேகமான பாட்டுகளை ஒவ்வொன்றாகத் தாளிலிருந்து எடுத்தாள். அவை ஒலித்தால் அத்தான் எழுந்துவிடுவார். முன்பெல்லாம் நடுவில் நாலைந்து பாட்டுக்கு வேறு யாராவது மேசையைப் பார்த்துக்கொள்ள, அக்காவும் இறங்கி ஆடுவாள். அதையும் விட்டுவிட்டாள். வேறு கை பட்டால் வேறு பாட்டு வந்துவிடுமே. இப்படி இரண்டு வருஷம். வாரத்தில் ஆறு நாள் உண்மையை எண்ணிவிட்டு ஏழாம் நாள் பொய்யை எண்ணினாள்.

அத்தானுக்குத் தெரியாமலா இருக்கும் என்று நீங்கள் கேட்பீர்கள், நானும் கேட்டேன். ஒருநாள் பாத்திரம் துலக்கியபடி அக்கா எல்லாவற்றையும் என்னிடம் கொட்டியபோது கேட்டேன்.

"இருபத்தஞ்சு வருஷம் ஆடின மனுஷன்க்கா. வேகம் கூடவா தெரியாது?"

"அவருக்கு மூச்சு வாங்குதுடி" என்றாள். "முன்னாடி நூத்தறுபதுக்கு எப்படி வாங்குமோ அப்படி இப்போ நூத்து இருபத்தெட்டுக்கு வாங்குது. அப்போ நான் நூத்தறுபதுன்னு சொன்னா நம்பத்தானே செய்வார்?"

"நேரா சொல்லிடேன். மெதுவாத்தான் ஆடணும், பரவாயில்லைன்னு."

"சொன்னா ஃபோன் மேசைக்கும் வீட்டு நாற்காலிக்கும் நடுவிலயே இருந்துடுவார். அங்கே வந்தாத்தான் அவர் அவராயிருக்கார்." பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு அப்படியே சிங்க்கில் கையை ஊன்றி நின்றாள். "எனக்குத் தூக்கம் வருதுடி. மதியம் மூணு மணிக்குத் தூக்கம் வருது. அந்த ஸ்பீக்கர் பக்கத்துலயே தூங்கிடுவேன்போல இருக்கு."

எனக்கு அத்தான்மேல் கோபம் வந்தது. தப்புதான், அவர் என்ன செய்தார். ஆனாலும் வந்தது.

கூடத்தில் முணுமுணுப்பு ஆரம்பித்து ஆறு மாதம் இருக்கும். கூடத்தைப் பார்த்துக்கொள்கிறவரை எல்லாரும் விசில்காரர் என்போம். மூன்று மணிக்கு விசில் ஊதித்தான் ஆரம்பிப்பார். விசில் ஊதுவதைத் தவிர அவர் வேறென்ன செய்கிறார் என்று யாருக்கும் தெரியாது. அவரே வந்து என்னிடம் மென்று முழுங்கினார். "கூடம் கொஞ்சம் தூங்குற மாதிரி இருக்கே... காலேஜ் பசங்கல்லாம் வேற இடத்துக்குப் போறாங்களாம்." எனக்கு எல்லாம் தெரிந்தும், வெயில் ஜாஸ்தி என்று பூசி மெழுகினேன்.

பிறகு கணக்கு டீச்சர் வந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லித்தருகிறவர், எங்கள் கூடத்தில் மூன்று வருஷமாக ஆடுகிறவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பேருந்து டிக்கெட்டில் இருக்கிற எண்ணைக்கூடக் கூட்டிப் பார்க்கிற ஆள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்து எல்லாரும் போனபிறகு அவரும் விசில்காரரும் அக்காவின் மேசைக்கு வந்தார்கள். அத்தான் கூடத்தின் அந்தக் கோடியில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நான் பெயர் நோட்டை மூடிவிட்டு மேசைப் பக்கம் போனேன். டீச்சர் கையில் அக்காவின் தாள் ஒன்பது, பத்து இருந்தது. சிவப்புப் பேனாவால் வட்டம் வட்டமாகப் போட்டிருந்தது.

"தப்பா நினைக்காதீங்க" என்று ஆரம்பித்தார். அப்படி ஆரம்பிக்கிறவர்கள் நல்லது எதையும் சொன்னதில்லை. "போன வாரம் வேற கூடத்துல அரை மணி நேரம் வேகமான பாட்டு மட்டும் போடலாம்னு உங்க தாளைப் பார்த்து நூத்தறுபதுன்னு இருக்கறதா எடுத்தாங்க. எல்லாரும் முட்டிக்கெல்லாம் பட்டை கட்டிக்கிட்டு நின்னா, பாட்டு ஆடி அசைஞ்சு வருது. சிரிச்சிட்டாங்க. நம்ம கூடத்தைப் பார்த்துத்தான் சிரிச்சாங்க."

விசில்காரர் தரையைப் பார்த்தபடி தலையாட்டினார்.

"எண்ணும்போது ஒண்ணு ரெண்டு தவறும்தான்" என்று டீச்சர் தொடர்ந்தார். "ஆனா தவறுன்னா முன்னே பின்னே இருக்கணும். இது எல்லாமே கூடித்தான் இருக்கு. அதுவும் ஒரே கணக்கா கூடியிருக்கு. இதைப் பாருங்க, நூத்து முப்பத்தஞ்சு. இது நூத்து நாப்பத்தஞ்சு. பதினஞ்சு விநாடி எண்ணி நாலால பெருக்கினா ஒத்தைப்படை எண் எப்படி வரும்? நீங்களே சொல்லுங்க."

அக்கா தாளைப் பார்த்தாள். இரண்டு வருஷமாக ஆயிரம் ஜாக்கிரதையாக இருந்தவளுக்கு இது தோன்றவே இல்லை. நாலாம் வாய்ப்பாட்டில் ஒத்தைப்படை கிடையாது. பொய்யைக்கூட அவள் ஒழுங்காகப் பெருக்கியதால் வந்த வினை. பாவம், குத்துமதிப்பாகப் பொய் சொல்லியிருந்தால் யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள்.

கூடத்தின் அந்தக் கோடியில் நாற்காலிச் சத்தம் நின்றிருந்தது. அத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. அக்காவுக்கும் தெரிந்தது.

"தப்புதான் டீச்சர்" என்றாள் அக்கா. "நாலுக்குப் பதிலா அஞ்சால பெருக்கிட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தான். மறந்துபோச்சு. வயசாகுதில்லையா, எண்ணிக்கை நிக்க மாட்டேங்குது."

எனக்கு வாய் துறுதுறுத்தது. அக்கா மேசைக்கு அடியில் என் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் பதிகிற அளவுக்குப் பிடித்தாள்.

டீச்சர் தயங்கித்தான் கேட்டார், அதையும் சொல்லவேண்டும். "லேப்ல நீங்கதானே கடைசியா எண்ணுவீங்க? போன மாசம் எங்கம்மாவோட ரிப்போர்ட்ல உங்க கையெழுத்துதான் இருந்தது."

அக்கா வெளுத்துப்போனாள். அதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? அங்கே சரியாகத்தான் எண்ணுகிறேன் என்றால் இங்கே ஏன் தப்பாக எண்ணினாய் என்று வரும். இருபத்தெட்டு வருஷமாகச் சேர்த்துவைத்த பெயர், ஒரு சிவப்புப் பேனா வட்டத்துக்குள் முடிந்துபோவதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

"அந்தப் பேச்சு வேணாம்" என்றார் அத்தான்.

ஒரு நாற்காலியைக் கையில் தூக்கியபடியே வந்து நின்றார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை, அன்றும் உயரவில்லை. "என் பொண்டாட்டி எண்ணுனா எண்ணுனதுதான். தப்பெல்லாம் வராது. என்னமோ அவளே ஒத்துக்கறா, அசதியில ஒத்துக்கறா. நான் ஆடியிருக்கேன் டீச்சர். நூத்தறுபதுன்னு போட்டிருந்தா அது நூத்தறுபதுதான். என் நெஞ்சுக்குத் தெரியும்."

"விடுங்க" என்றாள் அக்கா. "தப்புன்னு நானே சொல்றேனில்ல. விட்டுடுங்க."

"எதுக்கு விடணும்? உன் வேலையைப் பத்திப் பேசறாங்க. இப்பவே எண்ணிப் பார்த்துடலாம்." தாளை வாங்கி விரல் வைத்தார். "இதோ, 'மாமியார் வந்தாச்சு'. நூத்தறுபதுன்னு போட்டிருக்கு. போன வாரம்கூட ஆடினேன். போடு."

"வேணாங்க."

"போடுன்னா போடு."

அக்கா போடவில்லை. விசில்காரர்தான், இரண்டு வருஷத்தில் உருப்படியாகச் செய்த ஒரே காரியமாக, கையை நீட்டி மெஷினை அழுத்தினார். கிளாரினெட் வந்தது. டீச்சர் வாட்ச்சைப் பார்த்து, "ஆரம்பிங்க" என்றார்.

அத்தான் நாற்காலியின் முதுகில் ஆள்காட்டி விரலால் தட்ட ஆரம்பித்தார். நானும் மனசுக்குள் எண்ணினேன். காலிக் கூடத்தில் பாட்டு வேறுமாதிரி கேட்டது, அவசரமே இல்லாமல், சாப்பிட்டுவிட்டு நடக்கப்போகிறவர்கள் மாதிரி. ஆடும்போது மூச்சு வாங்குகிற ஆளுக்கு அது தெரியாது. சும்மா நின்று விரலால் தட்டும்போது தெரிந்துவிடும். பத்தாவது தட்டிலோ பன்னிரண்டாவது தட்டிலோ அத்தானின் முகம் மாறியது. விரல் மட்டும் பிசகவில்லை, அவர் ஒன்றும் எண்ணத் தெரியாதவர் இல்லை. டீச்சர் "போதும்" என்றபோது அந்த விரல் சரியாக முப்பத்திரண்டு முறை தட்டியிருந்தது.

முப்பத்திரண்டு என்றால் நூற்று இருபத்தெட்டு. அவருக்கு அந்தக் கணக்குப் போட எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஆனால் அவர் அந்த ஒரு பாட்டை மட்டும் கணக்குப் போடவில்லை என்று நினைக்கிறேன். இரண்டு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளையும், பரவாயில்லையே என்று தான் சொன்ன அத்தனை தடவைகளையும் ஒவ்வொன்றாகக் குறைத்துப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். அக்கா தலையைத் தூக்கவில்லை.

"எத்தனை?" என்றார் விசில்காரர்.

"நாப்பது" என்றார் அத்தான்.

கிளாரினெட் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"நாப்பதை நாலால பெருக்கினா நூத்தறுபது. தாள்ல போட்டிருக்கறது சரிதான். என் பொண்டாட்டி எண்ணுனதுல தப்பில்லை."

டீச்சரும்தானே எண்ணினார். அவருக்கும் முப்பத்திரண்டுதான் வந்திருக்கும். ஏதோ சொல்லத்தான் வாயெடுத்தார். அப்போது நாற்காலியைப் பிடித்திருந்த அத்தானின் கையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், கையிலிருந்த தாள்களை ஒருமுறை பார்த்தார். நிஜத்தில் நூற்று முப்பதைத் தாண்டுகிற எதையும் சேர்க்காமல் ஒரு பெண் ஏன் இரண்டு வருஷம் பாட்டுப் போட்டாள் என்பதை அவர் அந்த இடத்திலேயே போட்டுப் பார்த்துவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றியது. கணக்கு டீச்சரில்லையா.

"என் வாட்ச்தான் சரியில்லை போலிருக்கு" என்றார். தாள்களை மடித்துப் பையில் வைத்தார். "அம்மா ரிப்போர்ட்டைப் பத்திச் சொன்னதை மனசுல வச்சுக்காதீங்க."

விசில்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. சண்டை வராமல் முடிந்ததே என்று பெருமூச்சு விட்டார்.

அக்கா மெஷினை நிறுத்தினாள். பாட்டு பாதியில் அறுந்தது. இத்தனை வருஷத்தில் அவள் ஒரு பாட்டையும் பாதியில் நிறுத்தியதில்லை. மேசை டிராயரைத் திறந்து, எண்கள் எழுதி வைத்திருந்த நீல நோட்டை எடுத்து டீச்சரிடம் நீட்டினாள். "அடுத்த மாசத்திலேருந்து நீங்க போடுங்க டீச்சர். வேகமானதெல்லாம் கடைசிப் பக்கத்துல இருக்கு. அதெல்லாம் சரியா எண்ணினது. நான் கொஞ்சம் உட்கார்றேன்."

டீச்சர் நோட்டை வாங்கிக்கொண்டார். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று நினைத்தேன், சொல்லவில்லை.

நான் ஜன்னல்களைச் சாத்தி, விளக்கை அணைத்து, கதவைப் பூட்டிவிட்டு வந்தபோது அவர்கள் இரண்டு பேரும் முன்னால் படியிறங்கிக்கொண்டிருந்தார்கள். பாதி வழியில், படி திரும்புகிற இடத்தில், அத்தான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆபரேஷன் ஆனதிலிருந்து அவர் எங்கள் யார் முன்னாலும் அப்படி நின்றதில்லை. செருப்பு வாரை மாட்டுவார், யாரையாவது கூப்பிட்டுப் பேச்சுக் கொடுப்பார், எதையாவது செய்து மூச்சைச் சமாளிப்பார். அன்றைக்கு எதுவும் செய்யவில்லை. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"களைப்பா இருக்கு" என்றார்.

அக்கா பையை மடியில் வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எனக்கும்தான்" என்றாள்.

"எத்தனை நாளா?"

அக்கா எதிர்ச் சுவரைப் பார்த்தபடி சொன்னாள். "நீங்க திரும்ப வந்த முதல் நாள்லேருந்து. 'இருமல்' பாட்டுலேருந்து. என்னைத் திட்டுங்க, பரவாயில்லை."

"நான் பாட்டைக் கேக்கலை" என்றார் அத்தான். "உனக்குக் களைப்பு எத்தனை நாளான்னு கேட்டேன்."

அக்கா பையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். நான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு மேல்படியிலேயே நின்றேன்.